விற்ற வீட்டின் வெந்நீர்த் தொட்டி

விவாகரத்து முடிந்த பிறகும் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சிங்கப்பூரில் இது ஒன்றும் புதிதில்லை. வீடு இருவர் பெயரிலும் இருந்தது. அதை விற்றால்தான் ஆளுக்கொரு இடம் பார்க்க முடியும். வாங்குவதற்கு ஆள் கிடைத்தாலும் சாவியை ஒப்படைக்கும் நாள் வர மாதக்கணக்காகும். அதுவரை புக்கிட் பாஞ்சாங்கில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் காத்திருந்தோம். பெரிய அறையில் நான். எங்கள் மகள் மெல்பர்னுக்கு வேலைக்குப் போகும்வரை இருந்த அறையில் அவர்.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, "நம்ம தனித்தனியா இருந்துடலாமா?" என்று அவர் கேட்டார். நான் மீன் குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். "சரி" என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அதற்கு முன்பே பல வருடங்களாக வீட்டில் பேச்சு குறைந்துகொண்டே வந்திருந்தது. அந்தக் கேள்வியும் பதிலும்தான் அந்த வருடத்தில் நாங்கள் பேசிய பெரிய பேச்சு.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. காலையில் எழுந்து ரயில் ஏறி சாங்கிக்குப் போவேன். விமானச் சரக்கு நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவில் வேலை. எந்தப் பெட்டி எந்த விமானத்தில் ஏற வேண்டும் என்று சரிபார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். ரயில் தீவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகும். வழியெல்லாம் கைப்பேசியைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே குழப்பம். "என்னங்க" என்று இத்தனை வருடம் கூப்பிட்டாயிற்று. தீர்ப்பு வந்த பிறகு அது வாயில் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பழக்கமில்லை. அதனால் கூப்பிடாமலேயே பேசப் பழகினேன். "அரிசி தீர்ந்துருச்சு" என்று குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துச் சொல்வேன். மறுநாள் அரிசி வந்திருக்கும்.

வீட்டின் பொதுக் குளியலறையில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் வெந்நீர் ஹீட்டரின் தொட்டி இருந்தது. நீளவாக்கில் படுத்திருக்கும் வெள்ளைத் தொட்டி. அதன் சேஃப்டி வால்விலிருந்து ஒரு மெல்லிய குழாய் சுவரோரமாக இறங்கி, தரைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இத்தனை வருடத்தில் அந்தக் குழாயை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. ஒரு நாள் அதிலிருந்து சொட்டத் தொடங்கியது. அடியில் ஒரு வாளியை வைத்தேன். வேலையிலிருந்து திரும்பியபோது வாளி காலியாக இருந்தது. அவர் கொட்டியிருந்தார். மறுநாள் அவருக்கு முன்னால் நான் வந்துவிட்டதால் நான் கொட்டினேன். நிறைந்த வாளியை யார் முதலில் பார்க்கிறாரோ அவரே கொட்டுவது என்று ஆனது. ஹீட்டர் ஒழுகுகிறது என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதைச் சொன்னது வீட்டை வாங்கிய பெண். நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தாள். மருத்துவமனையில் தாதி வேலை. அளவெடுக்கக் கணவனோடு வந்தவள் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, ஹீட்டர் லீக் ஆகுதா?"

"கொஞ்சம் சொட்டுது."

"சாரி ஆன்ட்டி, பேபி வரப்போகுது, ஹாட் வாட்டர் கண்டிப்பா வேணும். ஹேண்டோவருக்கு முன்னாடி செஞ்சு குடுத்துடுவீங்கல்ல?"

செய்து தருகிறோம் என்றேன். 'தருகிறோம்' என்று சொன்னதை அவளும் கவனிக்கவில்லை, நானும் பிறகுதான் கவனித்தேன். எங்களுக்குள் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. வயதானவர்கள் சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் பிளம்பரை அவர் அழைத்து வந்தார். வெளுத்த சட்டையும் நல்ல கைக்கடிகாரமுமாக, எங்களைவிட வயது குறைந்தவர். ஏணியில் ஏறி, சீலிங் பலகையைத் தள்ளி, தலையை உள்ளே விட்டபடியே பேசினார்.

"தண்ணி சூடானா விரியும் அண்ணே. விரிஞ்சா டேங்குக்குள்ள பிரஷர் ஏறும். ரொம்ப ஏறிடுச்சுன்னா இந்த வால்வு தானா திறந்து வெளிய விட்டுடும். இல்லன்னா டேங்க் வெடிச்சுடும் லா. உங்க வால்வு பழசு, சரியா மூட மாட்டேங்குது. மாத்திடுறேன்."

மாற்றினார். புது வால்வு பித்தளையில் பளபளவென்று இருந்தது. இரண்டு நாள் சொட்டவில்லை. அதன் பிறகு சொட்டியது. தொலைபேசியில் அழைத்ததற்கு, "அப்ப தெர்மோஸ்டாட் போயிருக்கும், தண்ணிய ஓவரா சூடாக்குது. டேங்கும் பழசு. புதுசு போட்டுடுங்க அண்ணே, தலைவலி விட்டுது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பத்து வீட்டில் எட்டு வீட்டில் அதுதான் காரணமாக இருக்கும்.

அன்று சாயங்காலம் நான் சாப்பாட்டு மேசையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குளியலறையிலிருந்து வந்து எதிரில் நின்றார். காப்புறுதி நிறுவனத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் உடனே நம்பமாட்டார், உடனே மறுக்கவும் மாட்டார்.

"ஹீட்டர் சுவிட்ச நேத்து காலையில இருந்து ஆஃப் பண்ணி வச்சிருக்கேன்" என்றார்.

"ம்."

"டேங்குல இருக்கறது இப்ப பச்சத் தண்ணி. இன்னும் சொட்டுது."

நான் கத்தியை வைத்தேன். "சூடே இல்லாம எப்படி விரியும்?"

"அதான் கேக்கறேன்."

இருவரும் போய்ப் பார்த்தோம். குழாயின் முனையில் ஒரு துளி திரண்டு, கனத்து, விழுந்தது. கையை நீட்டினேன். குளிர்ந்த தண்ணீர். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது.

"வீட்டுல ஆள் இருக்கறப்ப அவ்வளவா சொட்டல. துணி துவைக்கறப்ப நின்னுடுது. யாரும் இல்லாத நாள்லதான் வாளி ரொம்புது."

அவர் யோசித்தார். "தண்ணி புழங்கினா நிக்குது. புழங்கலன்னா சொட்டுது."

"ஆமா."

"அப்ப பிரஷர் வெளிய இருந்து வருது" என்றார். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நான் ஆப்பிளுக்குத் திரும்பினேன். பாதியை ஒரு தட்டில் வைத்து மேசையின் மறுபக்கம் தள்ளினேன். தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

அடுத்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். பிற்பகலில் வீடு திரும்பினேன். லிஃப்டிலிருந்து இறங்கியதுமே நடைவழி ஈரமாகத் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். கூடம் முழுக்கக் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். அடுக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளின் அடிப்பகுதி கறுத்து ஊறியிருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் விசிறி அடித்தது. குழாய்க்குப் போகும் வளைகிற ஹோஸ், கம்பிப் பின்னல் போட்டது, நடுவில் கிழிந்திருந்தது. அவர் மண்டியிட்டு, ஒரு துண்டை அதன்மேல் சுற்றி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். முகம், சட்டை, கால்சட்டை எல்லாம் நனைந்திருந்தன.

"மெயின மூடலயா?" என்றேன்.

"எங்க இருக்குன்னு தெரியல" என்றார்.

நான் பையைக் கழற்றாமலேயே வெளியே ஓடினேன். வாசலுக்குப் பக்கத்தில், நடைவழிச் சுவரில், தண்ணீர் மீட்டர் இருக்கும் இரும்புக் கதவு. அதன் முன்னால் நாங்கள் வைத்திருந்த செருப்பு அலமாரியை இழுத்துத் தள்ளினேன். உள்ளே மீட்டருக்குப் பக்கத்திலிருந்த திருகு பிடித்துக்கொண்டிருந்தது. துப்பட்டாவைச் சுற்றிப் பலங்கொண்ட மட்டும் திருகினேன். உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் அடங்கியது. மூச்சு வாங்க அங்கேயே குந்தியிருந்தேன். அப்போதுதான் மீட்டரைத் தாண்டி, எங்கள் வீட்டுக்குள் போகும் குழாயில், மணியைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு பித்தளைச் சாமான் இருப்பதைப் பார்த்தேன். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய், உப்புப் படிந்து இருந்தது. வீட்டைப் புதுப்பித்த காலத்தில் கான்ட்ராக்டர் எதையோ பொருத்தியதும் நான் அவருக்குக் காப்பி கலந்து கொடுத்ததும் மங்கலாக ஞாபகம் வந்தன. எதற்குப் பொருத்தினார் என்பது ஞாபகத்தில் இல்லை. கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டேன்.

உள்ளே போனபோது அவர் இன்னும் அதே இடத்தில், தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். கையில் அந்தத் துண்டு.

"வெளிய, மீட்டர் கதவுக்குள்ள இருக்கு" என்றேன்.

"இத்தன வருஷம் இந்த வீட்டுல இருந்திருக்கேம்மா" என்றார். "மெயின் எங்க இருக்குன்னு தெரியல எனக்கு. ஃபோன் பண்ணலாம்னு பாத்தேன். நீ வேலைல இருப்ப."

பிறகு அழுதார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அப்பா போனபோது மட்டும்தான். நான் பக்கத்தில் நின்றேன். தோளைத் தொடலாமா என்று யோசித்தேன். தொடுவதற்கு இப்போது எனக்கு உரிமை இருக்கிறதா, இல்லையா என்று மனம் கேட்டது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே நேரம் போய்விட்டது. அறைக்குப் போய் ஒரு காய்ந்த துண்டை எடுத்து வந்து நீட்டினேன். அவர் வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்குள் எதுவும் அசையவில்லை. அசையாததைப் பார்த்துத்தான் கொஞ்சம் பயந்தேன்.

பொழுது சாயும்வரை தண்ணீரை வாரினோம். அவர் குப்பை முறத்தால் அள்ளி வாளியில் ஊற்ற, நான் வாளியைக் குளியலறையில் கொட்டினேன். பெட்டிகளைச் சோபாவின் மேலும் மேசையின் மேலும் ஏற்றினோம். ஒருவர் இடப்பக்கம் தூக்கினால் மற்றவர் வலப்பக்கம் தூக்கினோம். "பாத்து", "மெல்ல", "அந்தப் பக்கம்" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. உடம்புகளுக்குப் பழக்கம் விடவில்லை. கீழ்வீட்டு மலாய் அம்மா மேலே வந்து, சீலிங்கில் ஈரம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காக நன்றி சொன்னோம்.

"ஹோஸும் பச்சத் தண்ணி லைன்தான்" என்று அவர் சொன்னார். அப்போது தரை ஓரளவு காய்ந்திருந்தது. "ஹீட்டருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வீடு முழுக்கப் பிரஷர் ஏறிப்போயிருக்கு. வால்வு இருக்கறதால அங்க சொட்டுச்சு. இங்க வால்வு இல்ல, கிழிஞ்சுருச்சு."

நான் படத்தைக் காட்டினேன். "இது என்னன்னு தெரியுமா?"

அவர் பெரிதாக்கிப் பார்த்தார். தெரியாது என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, புது ஹோஸ் வாங்க இருவரும் ஜாலான் புசாருக்குப் போனோம். சேர்ந்து போகலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. அவர் செருப்பு மாட்டினார், நானும் மாட்டினேன். ரயிலில் எங்களுக்கு நடுவில் ஓர் இருக்கை காலியாக இருந்தது. பிறகு அதில் யாரோ உட்கார்ந்தார்கள். குழாய்ச் சாமான் கடையில் படத்தைக் காட்டினோம். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிரஷரைக் குறைக்கும் வால்வு என்றார். உயரமான அடுக்குமாடி புளோக்குகளில் மேல்மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கீழ் மாடிகளில் வேகமாக வரும், அதை அடக்கத்தான் சிலர் வீட்டுக்குத் தனியாக இதைப் போட்டுக்கொள்வார்கள் என்றும், உள்ளே ரப்பர் போய்விட்டால் அது இருந்தும் இல்லாததுபோல்தான் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். குழாயில் திருகிப் பிரஷரைப் பார்க்கும் ஒரு சின்ன கேஜும் புது ஹோஸ்களும் வாங்கினோம்.

வெயில் ஏறியிருந்தது. தேக்கா சந்தைப் பக்கம் நடந்து ஒரு கடையில் பால் ஊற்றிய தே குடித்தோம். எதிர்மேசையில் கட்டுமான ஊழியர்கள் சிலர் ஊரிலிருப்பவர்களோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சீனி குறைவாக என்று நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"மார்சிலிங்ல தம்பி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்திருக்கேன்" என்றார். "சின்னதுதான்."

"நானும் பாத்துட்டேன். புக்கிட் பாஞ்சாங்லயே."

"ரயிலுக்குப் பக்கமா?"

"பக்கந்தான்."

"நல்லது" என்றார். உண்மையாகவே நல்லது என்று நினைத்துச் சொன்னதுபோல்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹோஸ்களை மாற்றி, மெயினைத் திறந்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயில் கேஜைத் திருகினார். நான் சமையலறைக் குழாயைத் திறந்தபோது முள் சட்டென்று இறங்கியது. மூடியதும் ஏறியது. ஏறி, நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல், மெல்ல மெல்ல இன்னும் மேலே போனது. வெகுநேரம் கழித்துப் பார்த்தபோது சேஃப்டி வால்வின் மேல் பொறித்திருந்த அளவை முள் எட்டியிருந்தது. குளியலறையில் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெயினை மூடி, குழாயை ஒரு நொடி திறந்து விட்டு, மறுபடி மூடினோம். முள் கீழேயே கிடந்தது. சொட்டுவது நின்றது.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

அவர் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்து போனது. கணக்கு ஒத்துவந்தால் வரும் முகம் அது. ஒரு காலத்தில் அந்த முகத்தை எனக்குப் பிடிக்கும். அது ஞாபகம் வந்தது. பிடித்தது என்ற செய்திதான் ஞாபகம் வந்தது. பிடித்தபோது எப்படி இருந்தது என்பது வரவில்லை.

பிளம்பரிடம் சொன்னதும் தயங்காமல், "நான் அத பாக்கவே இல்ல அண்ணே, செருப்பு அலமாரி மறச்சிருந்துச்சு" என்று ஒப்புக்கொண்டார். மறுநாளே வந்து பழைய வால்வைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ரப்பர் கிழிந்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதியதைப் பொருத்தி, தலையிலிருந்த திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கேஜின் முள்ளை அளவான இடத்தில் நிறுத்தினார். ஹீட்டர் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் சூடாகும்வரை நாங்கள் மூவரும் குளியலறை வாசலில் நின்றோம். குழாய் முனையில் இரண்டு துளி வந்தது.

"இது வரும் அக்கா" என்றார் என்னிடம். "சூடாகறப்ப ரெண்டு சொட்டு விழுந்தாத்தான் வால்வு வேல செய்யுதுன்னு அர்த்தம். சுத்தமா வரலன்னாதான் பயப்படணும்."

சாவி கொடுக்கும் நாளன்று வீடு காலியாக இருந்தது. பேச்சு சுவரில் பட்டுத் திரும்பியது. அந்தப் பெண் வெந்நீர்க் குழாயைத் திறந்து விரலை நீட்டிப் பார்த்துவிட்டுக் கணவனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் அவர்கள் இருவரையும் வெளியே அழைத்துப் போய், மீட்டர் கதவைத் திறந்து காட்டினார். "மெயின் இங்க இருக்கு. இதுக்கு முன்னாடி எதையும் வைக்காதீங்க. இது பிரஷர் வால்வு. சில வருஷத்துக்கு ஒரு தடவ பாத்துக்குங்க" என்று நிதானமாகச் சொன்னார். அவள் குனிய முடியாமல் எட்டிப் பார்த்தாள்.

"தேங்க்ஸ் அங்கிள். நீங்க ரெண்டு பேரும் வீட்ட ரொம்ப நல்லா வச்சிருந்திருக்கீங்க."

சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தேன்.

கீழே இறங்கி வந்தோம். அவருக்கு வாடகைக் கார் வந்தது. பெரிய பொருட்கள் முன்பே போய்விட்டதால் ஒரே ஒரு பைதான். அதைப் பின்னிருக்கையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சாப்டியா?"

"இனிமேதான்."

"சாப்டுட்டுப் போ" என்றார். கார் கிளம்பியது. நான் பக்கத்துக் கடைத்தொகுதிக்குப் போய் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன்.

புது வீட்டில் தொட்டி இல்லை. தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் சின்ன ஹீட்டர். முதல் சில வாரங்கள் நன்றாகத் தூங்கினேன், வேலைக்குப் போனேன். ஆண்டு இறுதியில் மகள் வந்தாள். பாதி நாள் என்னிடம், பாதி நாள் மார்சிலிங்கில் என்று தானே பிரித்துக்கொண்டாள். வந்த முதல் காலை சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் ஹோஸ் கிழிந்த கதையையும் கேஜ் வாங்கப் போன கதையையும் சொன்னேன்.

"அப்பா ஃபோன்ல சொன்னாரு" என்றாள். "நீங்கதான் ஓடிப்போய் மூடுனீங்களாம். ரெண்டு மூணு தடவ சொல்லிட்டாரு."

"அப்படியா?"

"ஆமா. அம்மா இல்லன்னா வீடே போயிருக்கும்னாரு."

நான் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டேன். கண் எரிந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே நின்றேன். வெகுகாலத்துக்குப் பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், என் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கி, கருகத் தொடங்கியிருந்த சப்பாத்தியை எடுத்துத் தட்டில் போட்டாள்.